ஏழாம் கட்டத்தில் எழுதியது

படிவம் நிரப்புவது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மத்திய அரசில் எழுத்தராகச் சேர்ந்து முப்பத்தெட்டு வருஷம் கழித்துப் பிரிவு அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவர் நிரப்பிய படிவத்தில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். அதில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: கட்டத்தைக் காலியாக விட்டால் கோப்பு திரும்பி வரும், கட்டத்தில் விவரமாக எதையாவது எழுதினாலும் கேள்வி கேட்டுத் திரும்பி வரும். திரும்பாமல் போக ஒரே வழி ‘என்.ஏ.’ என்று போடுவது. நாட் அப்ளிக்கபிள், அதாவது பொருந்தாது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது பிடித்துக்கொண்டாலும் நழுவிவிடலாம்.

இந்த வருஷம் ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, டெல்லி ஜனக்புரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், சி.டி. ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து என் மனைவி காமாக்ஷிக்காக அப்படி ஒரு படிவத்தை நிரப்பினேன். மொத்தம் பத்துக் கட்டம். ஏழாவது கட்டத்தில் இருந்த கேள்வி: ‘இதற்கு முன் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியபோது ஒவ்வாமை ஏற்பட்டதுண்டா?’ நான் ‘என்.ஏ.’ என்று எழுதினேன்.

ஏற்பட்டதுண்டு. அதற்கான காகிதம் என் மடியில் இருந்த கோப்பிலேயே இருந்தது.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் காமாக்ஷிக்குச் சிறுநீரகத்தில் கல். எக்ஸ்ரேயில் உள்ளுறுப்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள். அயோடின் கலந்தது, ‘டை’ என்று சொல்வார்கள், கான்ட்ராஸ்ட் என்றும் சொல்வார்கள். ஏற்றிய ஐந்தாவது நிமிஷம் அவள் உடம்பு முழுக்கத் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பிவிட்டது. உதடு வீங்கியது. “தொண்டையை யாரோ பிடிக்கறாப்பல இருக்கு” என்றாள். ஏதோ ஊசி போட்டுச் சரிசெய்தார்கள். அந்த டாக்டர் சிவப்பு மையில் ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். ‘கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை உள்ளவர். எங்கே போனாலும் முதலில் இதைக் காட்டவும்.’ நான் அதை ஜாக்கிரதையாகத் துளையிட்டு, கோப்பில் கோத்து, ‘சி’ என்று ஓர் அடையாளச் சீட்டு, ஆபீஸ் பாஷையில் கொடி, ஒட்டி வைத்தேன். காகிதத்தைப் பத்திரப்படுத்துவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

இந்த வருஷம் மார்ச்சிலிருந்து காமாக்ஷி இளைத்துக்கொண்டே வந்தாள். மூன்று மாதத்தில் பதினோரு கிலோ. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. மேல்வயிற்றில் வலி, முதுகு வரைக்கும் போகிறது என்பாள். அல்ட்ராசவுண்டில் கணையத்தின் பக்கத்தில் ஒரு நிழல் தெரிந்தது. டாக்டர் அந்த நிழலுக்குப் பெயர் வைக்கவில்லை. “சி.டி. எடுத்தால்தான் சொல்ல முடியும். சீக்கிரம் எடுத்துவிடுங்கள்” என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கேட்டது சீக்கிரம் என்ற வார்த்தை மட்டும்தான். வீட்டுக்கு வந்து நானும் காமாக்ஷியும் அந்த நோயின் பெயரைச் சொல்லாமலே எல்லாவற்றையும் பேசினோம். சமையலறையில் பால் பொங்கி வழிந்தால்கூட என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஸ்கேன் படத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய அறுவை சிகிச்சை டாக்டர் புதன்கிழமைகளில் மட்டும் பார்ப்பார். இந்தப் புதனை விட்டால் அவர் மூன்று வாரம் விடுப்பில் போகிறார். ஆகவே சனிக்கிழமை பக்கத்தில் துவாரகாவில் ஒரு ஸ்கேன் மையத்துக்குப் போனோம். அங்கே நான் யோக்கியமாக நடந்துகொண்டேன். அந்தக் கேள்விக்கு எதிரே வருஷம், தேதி, என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதி, ‘கொடி சி பார்க்க’ என்றும் சேர்த்தேன். கவுண்டரில் இருந்த பெண் அதைப் படித்தாள், உள்ளே போனாள், திரும்பி வந்தாள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனை வேண்டும், அனுப்பிய டாக்டரின் கடிதம் வேண்டும், முதல் நாளே ஆரம்பித்து மாத்திரை சாப்பிட வேண்டும், இதெல்லாம் முடித்து வியாழக்கிழமை வாருங்கள் என்றாள்.

வியாழன் என்றால் புதன் போயிற்று. புதன் போனால் மூன்று வாரம். மூன்று வாரத்தில் அந்த நிழல் என்னவெல்லாம் செய்யும் என்று நினைத்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கட்டத்தில் உண்மையை எழுதியதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது என்று கோபமும் வந்தது. அந்தப் பெண் மேல் ஒரு எரிச்சல், டாக்டர் மேல் ஒரு எரிச்சல். பூங்காவில் என்னோடு நடக்கும் வெங்கியிடம் புலம்பினேன்.

வெங்கி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் அவனுக்கு எல்லாருக்கும் தெரிகிற அளவு தெரியும். “அந்தக் காலத்து மருந்து வேற, வாசு. இப்போ வர்றது வேற மாதிரி. என் மச்சினிக்கு ரெண்டு தடவை போட்டா, ஒண்ணும் ஆகல்லே. நீ அனாவசியமா அதை எழுதி வெச்சு இழுத்தடிக்காதே” என்றான்.

அவன் மச்சினிக்கு முன்னால் ஒவ்வாமை வந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. பழைய மருந்து வேறு, இது வேறு. ஆகவே பழைய கதை இந்த மருந்துக்குப் பொருந்தாது. செவ்வாய்க்கிழமை ஜனக்புரியில் அந்தக் கட்டத்தில் எழுதும்போது எனக்குக் கை நடுங்கவே இல்லை. தெளிவாக, புள்ளி வைத்து எழுதினேன்.

காமாக்ஷி பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். படிவமெல்லாம் படித்துக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. எங்கள் வீட்டில் படிவம் என் இலாகா, கையெழுத்து மட்டும் அவளுடையது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

“ஏன்னா, அந்தப் பழைய விஷயம் எழுதினேளா?” என்று கேட்டாள்.

“எல்லாம் எழுதியாச்சு. இங்க போடு.”

போட்டாள். ‘காமாக்ஷி வா’ என்று தமிழில், எப்போதும் போல ‘வா’வின் காலை நீளமாக இழுத்து.

நீலச் சீருடையில் ஒரு நர்ஸ் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. “தமிழா? நான் அக்னஸ். நாகர்கோவில் பக்கம்” என்றாள். முப்பது வயசு இருக்கும். காமாக்ஷியின் கையைப் பிடித்து எழுப்பி, என்ன நடக்கப்போகிறது என்று நிதானமாகச் சொன்னாள்.

“முதல்ல மருந்து இல்லாம ஒரு தடவ எடுப்போம்மா. மெஷின்ல ஹிந்தியில குரல் வரும், மூச்ச அடக்கச் சொல்லும், அடக்கணும். விடச் சொன்னா விடணும். அதுக்கப்பறம் நான் வந்து மருந்த ஏத்துவேன். உடம்பு சூடாகும், பயப்படாதீங்க. மறுபடி ஒரு தடவ மூச்ச அடக்கணும். அவ்வளவுதான்.” பிறகு படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள். “இதுக்கு முன்னாடி இந்த மாதிரி மருந்து போட்டு அலர்ஜி ஏதாவது வந்திருக்காம்மா?”

 காமாக்ஷி சிரித்தாள்.

“அதெல்லாம் இவர் விவரமா எழுதியிருப்பார்மா. முப்பத்தெட்டு வருஷம் கவர்மெண்ட் உத்யோகம். ஆத்துல கறிகாய் லிஸ்டுக்கே மார்ஜின் விட்டு எழுதற மனுஷர். ஒரு கட்டம் விடமாட்டார். அதுல பாத்துக்கோ.”

அக்னஸ் படிவத்தைப் பார்த்தாள். அவள் விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கி, ஏழில் ஒரு கணம் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ஒண்ணும் இல்லல்ல சார்?”

“அதுலேயே எழுதியிருக்கேன்” என்றேன்.

பாருங்கள், அப்போதும் நான் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு ஆமாம் இல்லை சொல்லாமல், சொன்னது போலக் காட்டிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. அக்னஸ் தலையை ஆட்டினாள். காமாக்ஷி வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, “டப்பாவுல இட்லி இருக்கு, பசிச்சா சாப்பிடுங்கோ, எனக்காகக் காத்துண்டு இருக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பயம் ஆரம்பித்தது. அதுவரைக்கும் நிழலைப் பற்றித்தான் பயந்திருந்தேன். இப்போது என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்தேன். எதிர்ச் சுவரில் ஹிந்தியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முன்பு மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் ஊழியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கட்டாயம் என்ற வார்த்தைக்கு அடியில் கோடு. வந்ததிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான் இப்போதுதான் படித்தேன்.

கோப்பைத் திறந்தேன். கொடி சி. சிவப்பு மை கொஞ்சம் மங்கியிருந்தது. ‘முதலில் இதைக் காட்டவும்.’ மூடினேன்.

உள்ளே இருந்து மெஷினின் குரல் கேட்டது. “ஸான்ஸ் ரோக்கியே.” மூச்சை அடக்குங்கள். கொஞ்ச நேரம் விர்ரென்று ஒரு சத்தம். அப்புறம், “ஸான்ஸ் சோடியே.” மூச்சை விடுங்கள். நானும் என்னை அறியாமல் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டேன். இது முதல் தடவை. மருந்து இல்லாத தடவை. இன்னும் நேரம் இருக்கிறது.

எழுந்தேன். கதவைத் தட்டி, “அக்னஸ், ஒரு நிமிஷம்” என்று சொன்னால் போதும். நான்கு எட்டுத்தான். அதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. புனேயில் இருக்கும் எங்கள் பெண் மேதா. ஆபீசிலிருந்து பேசினாள். டெல்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பாதி வரும்.

“அப்பா, அம்மா உள்ள போயாச்சா? அந்த டை ரியாக்‌ஷன் வந்துதே, நான் ஸ்கூல்ல இருந்தப்போ? அது சொன்னேளா இல்லையா?”

“சொல்லாம இருப்பேனா? எழுதியாச்சு.”

“பக்கா?”

“பக்கா.”

“அச்சா, தென் ஓகே. எனக்கு காலைலேர்ந்து அதே டென்ஷன். கால் பண்ணுங்கோ” என்று வைத்துவிட்டாள்.

இந்தத் தடவை பொய்யே சொல்லிவிட்டேன். அதைச் சொல்லி முடித்ததும் கதவு இன்னும் தூரமாகப் போய்விட்டது. இப்போது தட்டினால் என்ன ஆகும்? அக்னஸ் கேட்பாள், ஏன் சார் முன்னாலேயே சொல்லவில்லை என்று. டாக்டர் வருவார். வியாழக்கிழமை வாருங்கள் என்பார். காமாக்ஷி கேட்பாள், எழுதியாச்சு என்றீர்களே என்று. அரை நிமிஷம் நின்றேன். நிஜத்தைச் சொல்கிறேன், அந்த அரை நிமிஷத்தில் நான் அதிகமாகப் பயந்தது அவள் உயிருக்கு அல்ல. அந்தக் கேள்விக்குத்தான். இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிறகு அவள் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. தொண்டையை யாரோ பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாளே, அது. அது வந்ததும் மற்றதெல்லாம் விட்டுப்போயிற்று. கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நான்கு எட்டையும் நடந்து கதவில் கை வைத்தேன். வாய் திறந்துவிட்டேன்.

“ஸான்ஸ் ரோக்கியே” என்றது மெஷின்.

இரண்டாவது தடவை. அப்படியென்றால் மருந்து ஏறிவிட்டது. என் கை கதவிலேயே நின்றது. இப்போது திறந்தால் படம் கெட்டுவிடும், மூச்சை விடச் சொன்னதும் திறப்போம் என்று நினைத்தேன். இவ்வளவுக்கு அப்புறமும் என் புத்தி ஒழுங்குமுறை பார்த்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். விர்ரென்ற சத்தம் ஆரம்பித்தது. நடுவிலேயே நின்றது. மூச்சை விடுங்கள் என்ற குரலுக்காகக் காத்திருந்தேன்.

அந்தக் குரல் வரவேயில்லை.

உள்ளே யாரோ ஓடினார்கள். எதுவோ உருண்டு விழுந்தது. “மேடம், மேடம், ஆங்க் கோலியே” என்று ஒரு ஆண் குரல், கண்ணைத் திறக்கச் சொல்லிக் கத்தியது. நான் கதவைத் தள்ளினேன். காவலாளி என் தோளைப் பிடித்து, “பாபுஜி, அந்தர் நஹீ” என்று, உள்ளே விடாமல் இழுத்தான். கதவு இடுக்கில் காமாக்ஷியின் பாதம் மட்டும் தெரிந்தது. மெட்டி போட்ட விரல்கள் விறைத்து நின்றன. காலெல்லாம் சிவப்புத் தடிப்பு.

“காமு!” என்று கத்தினேன். அந்த இடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு இளம் பெண் டாக்டர் மாடிப்படியில் ஓடி வந்தாள். அக்னஸ் கதவைத் திறந்து படிவத்தை அவளிடம் நீட்டினாள். ஓடிக்கொண்டே படித்தவள் என் முன்னால் நின்று ஹிந்தியில் கேட்டாள்: “இவருக்கு முன்பு எப்போதாவது இப்படி ஆகியிருக்கிறதா? சீக்கிரம் சொல்லுங்கள்.”

“ஆகியிருக்கிறது” என்றேன்.

“படிவத்தில் இல்லையே.”

நான் கோப்பைத் திறந்து கொடி சி-யைக் காட்டினேன்.  அவள் இரண்டு விநாடி அதைப் பார்த்தாள், ஒரு விநாடி என்னைப் பார்த்தாள்.   உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தில் இருபது நிமிஷம்தான் என்று பிறகு சொன்னார்கள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். காமாக்ஷியின் வளையல் இரண்டும் என் கையில் இருந்தன. கதவு திறக்கும்போதெல்லாம் துண்டு துண்டாகப் பேச்சு விழுந்தது: பிபி கிடைக்கவில்லை, அட்ரினலின் இன்னொன்று, ஆக்ஸிஜன். தெரிந்த சுலோகம் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்றே வாய் முணுமுணுத்தது. யாரோ ஒரு சர்தார்ஜி என் வாயில் தண்ணீர் புகட்டினார். அவருடைய மனைவிக்கு அடுத்த ஸ்கேன். அந்த அம்மாள் தன் படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வெளியே வந்தபோது அவள் முகக்கவசம் வேர்வையில் நனைந்திருந்தது. “பிழைத்துவிட்டார்” என்றாள். அந்த வார்த்தையைத்தான் சொன்னாள். பிழைத்துவிட்டார். அப்புறம் நிதானமாக, திட்டாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. “முன்பே தெரிந்திருந்தால் நேற்றே மாத்திரை ஆரம்பித்திருப்போம். வேறு வகை மருந்து பார்த்திருப்போம். மருந்தே இல்லாமல் வேறு பரிசோதனை செய்யலாமா என்றுகூட யோசித்திருப்போம். ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் அந்தக் கேள்வியே இருக்கிறது.”

“ஸ்கேன்?” என்று கேட்டேன்.

“பாதியில் நிறுத்திவிட்டோம். அந்தப் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்றைக்கு முழுக்கக் கண்காணிப்பு. இதே மாதிரி திரும்பவும் வரலாம். இரண்டு நாள் கழித்துச் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை. அப்புறம்தான் மற்றதெல்லாம்.”

நிழல் இருந்த இடத்திலேயே இருந்தது. புதன்கிழமையும் போயிற்று.

மாடியில் ஒரு அறையில் போட்டிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்குத்தான் என்னை உள்ளே விட்டார்கள். காமாக்ஷியின் உதடு இரண்டும் வீங்கி, கண் இரண்டும் கோடாக இருந்தன. என் மனைவி என்று அவளை அடையாளம் கண்டுகொள்ள எனக்கு ஒரு கணம் பிடித்தது. மூக்கில் குழாய், கையில் சொட்டுமருந்து. பக்கத்தில் அக்னஸ் நின்று ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

காமாக்ஷிக்குக் குரல் கரகரவென்றுதான் வந்தது. ஆனால் கோபம் முழுசாக இருந்தது.

“நான் அத்தனை தூரம் சொன்னேனே, அதுல எழுதியிருக்கு பாருன்னு. நீ பாக்காமயே ஏத்திட்டியே” என்றாள் அக்னஸிடம்.

“பாத்தேம்மா” என்றாள் அக்னஸ் மெதுவாக.

“என்னத்தைப் பாத்தே? இவர் எழுதினதைப் படிக்கறதுக்கு என்ன கஷ்டம்? முத்து முத்தா எழுதுவார். ஏன்னா, மேதா கிட்ட சொல்லி இந்த ஆஸ்பத்திரி பெரிய டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்கோ. எனக்கு ஆனது இன்னொருத்திக்கு ஆகப்படாது. இவாளை விடக் கூடாது.”

அக்னஸ் என்னைப் பார்த்தாள். படிவம் அவளிடம்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். ஏழாவது கட்டத்தில் விரலை வைத்து, இது யார் எழுத்து என்று கேட்டிருக்கலாம். படுத்திருப்பவளுக்கு இப்போது அதைச் சொல்லக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பிக்கொண்டு சொட்டுமருந்தின் வேகத்தைச் சரிபார்த்தாள்.

நானும் பேசாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தேன்.

“காமு, அவ பாத்தா. நான்தான் எழுதல்லே.”

“என்ன எழுதல்லே?”

“பழைய விஷயத்தை. அந்தக் கட்டத்துல என்.ஏ.ன்னு போட்டேன்.”

“அப்படின்னா?”

“பொருந்தாதுன்னு அர்த்தம்.”

“எது பொருந்தாது? எனக்கா?”

 அவள் அந்தக் கோடு போன்ற கண்ணால் என்னையே பார்த்தாள். பிறகு அவளே எனக்கு ஒரு வழி விட்டாள். எப்போதும் விடுவாள்.

“மறந்துட்டேளா? அவசரத்துல?”

மறந்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. வயசாயிற்று, கவலை வேறு என்று அவளே மீதியைச் சொல்லியிருப்பாள்.

“மறக்கல்லே” என்றேன். “வியாழக்கிழமைன்னு தள்ளிடுவான்னு பயந்து… தெரிஞ்சேதான் போட்டேன்.”

 அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். மெஷினில் அவள் இதயத் துடிப்பு டிக் டிக்கென்று அடித்தது. அது கொஞ்சம் வேகமாகிற மாதிரி தோன்றியதும் மறுபடி வந்துவிட்டதோ என்று என் உயிர் போய்விட்டு வந்தது. அக்னஸ் எட்டிப் பார்த்து, “ஒண்ணுமில்ல” என்றாள்.

“தொண்டை அடைச்சதே,” என்றாள் காமாக்ஷி, மின்விசிறியிடம் சொல்வது போல. “கண்ணு இருட்டிண்டு வந்தது. அப்போகூட நான் பயப்படல்லே. இவர் எழுதியிருக்கார், இவாளுக்குத் தெரியும், மாத்து மருந்தைக் கையில வெச்சிண்டுதான் நிப்பான்னு நெனச்சுண்டேன். அந்த தைரியத்துலதான் கண்ணை மூடினேன்.”

நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.  அவள் கையைத் தொடப் பயமாக இருந்தது. ஊசி குத்தாத கைதான். இருந்தும் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு அக்னஸ் ஒரு அட்டையில் காகிதம் செருகி எடுத்து வந்தாள். வார்டில் சேர்ப்பதற்கான படிவம். எங்கே இருந்தாலும் படிவத்தைக் கண்டால் என் கை முந்திக்கொள்ளும். அப்போதும் முந்திக்கொண்டது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, கையை நீட்டிவிட்டேன். அக்னஸ் அட்டையைக் கொடுக்கவும் இல்லை, பின்னால் இழுக்கவும் இல்லை. கட்டிலைப் பார்த்தாள்.

“என்னைக் கேளும்மா,” என்றாள் காமாக்ஷி. “அவர் கிட்ட குடுக்காதே. ஒண்ணொண்ணா தமிழ்ல கேளு, நான் சொல்றேன். நீயே எழுது.”

அக்னஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெயர் கேட்டாள், வயசு கேட்டாள், சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்டாள். காமாக்ஷி ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு பதில் சொன்னாள். நான் மூடி கழற்றிய பேனாவோடு நின்றுகொண்டிருந்தேன்.

“ஸ்கேன் மருந்து ஏதாவது ஒத்துக்காம போயிருக்காம்மா?” என்று அக்னஸ் கேட்டாள்.

“போயிருக்கு. ரெண்டு தடவை,” என்றாள் காமாக்ஷி. “ரெண்டாவது தடவை இவருக்குத் தெரிஞ்சே. அதையும் எழுதிக்கோ.”